இழந்த மூக்கும் சீரமைத்த கைகளும்: அறுவை மருத்துவக் குறிப்புகளின் வரலாறு

அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய மூன்று ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள ஓர் அறிவிப்பு, மருத்துவ வரலாற்றில் ஈடுபாடுடையோரின் கவனத்திற்கு உரியது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள், அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் தமது மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார்கள். நாளடைவில் அதில் துர்நாற்றம் ஏற்பட்டது. செய்தியை அறிந்த நபி (ஸல்) அவர்கள், பொன்னால் மூக்குச் செய்து கொள்ளுமாறு அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். இதனை அறிவிப்பவர் அர்ஃபஜா அவர்களின் பேரர் அப்துர் ரஹ்மான் இப்னு தரஃபா ஆவார்.

இச்சிறு அறிவிப்பை மருத்துவர் ஒருவரின் கண்கொண்டு நோக்கினால், இன்றைய மருத்துவ இதழ்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் குறிப்பின் உறுப்புகள் யாவும் இதில் அமைந்திருப்பதைக் காணலாம். நோயாளி யார், காயம் எங்ஙனம் நேர்ந்தது, முதலில் செய்த பரிகாரம் யாது, அதனால் விளைந்த கேடு யாது, பின்னர் மாற்றிய பரிகாரம் யாது என்பவை வரிசையாக வந்து விடுகின்றன. ஆண்கள் பொன் அணிவது விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அவ்விலக்கு தளர்ந்தது எதனால் என்பதையும் அறிவிப்பே சொல்லி விடுகிறது. வெள்ளி நாறியது, ஆகவே பொன் ஆகுமானதாயிற்று.

ஃபிக்ஹு அறிஞர்கள் இந்நுட்பத்தை நன்கு பற்றிக் கொண்டனர். ஆடிப்போன பற்களைப் பொன் கம்பியால் கட்டலாமா என்ற வினா எழுந்தபோது, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெள்ளியே பல்லுக்குப் போதும் என்று கருதினார்கள். மூக்கில் வெள்ளி பயன்படாமற் போனதால்தான் பொன் அனுமதிக்கப்பட்டது, பல்லில் அத்தேவை இல்லை என்பது அவர்கள் தரப்பின் வாதம். அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களோ பொன்னாலும் கட்டலாம் என்றார்கள். ஹிதாயா படித்த நம் மதரஸா மாணவர்கள் இக்கருத்து வேற்றுமையை அறிவார்கள். ஆயினும், வெள்ளி வாயினுள் கெடுமா கெடாதா என்ற அனுபவக் கேள்வி ஒன்று இதனடியில் இருப்பது பலர் கவனத்திற்கு வருவதில்லை. 2007-ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பிறவிக் குறையையும் விபத்தால் நேர்ந்த சிதைவையும் சீர்செய்யும் அறுவையை ஆகுமானது என்றும், வெறும் அழகுக்காக இயல்பான படைப்பை மாற்றுவது கூடாது என்றும் தீர்மானித்தது. இழந்ததை மீட்பது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு என்னும் இப்பாகுபாட்டிற்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு பெரும் சான்றாகும்.

அந்த அனுபவக் கேள்விக்கு அந்தலுஸிலிருந்து ஒரு விடை கிடைத்தது. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் ஏறத்தாழ 936-இல் பிறந்து 1013-ஐ ஒட்டி மறைந்த அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி, தமது 'அத்-தஸ்ரீஃப்' எனும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கென ஒதுக்கினார். அதில் ஆடும் பற்களைக் கம்பியால் பிணைக்கும் முறையைக் கூறுமிடத்து, வெள்ளியினும் பொன்னே சிறந்தது, வெள்ளி சில நாட்களில் பச்சை பூத்துக் கெட்டு விடும், பொன்னோ என்றும் மாறாதிருக்கும் என்று எழுதுகிறார். விழுந்த பல்லுக்கு மாற்றாக மாட்டெலும்பைச் செதுக்கிப் பொருத்தும் வழியையும் சொல்கிறார். குலாப் போர்வீரரின் வெள்ளி மூக்கிற்கு நேர்ந்ததையும் குர்துபா நோயாளியின் பற்கட்டுக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் ஒரு மகிழ்வு எழுகிறது.

ஸஹ்ராவியைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இருநூறு அளவில் அறுவைக் கருவிகளை வரைந்து காட்டினார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெரார்டு என்பார் டொலெடோவில் அவரது நூலை இலத்தீனுக்குப் பெயர்த்தார், பிரான்சின் கீ த ஷோலியாக் 1363-இல் எழுதிய நூலில் அவரை இருநூறு தடவைக்கு மேல் மேற்கோள் காட்டினார் என்பன அவற்றில் தவறாமல் வரும். இவை யாவும் உண்மையே. ஆனால் அவரது முன்னுரையை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பெருமைப் பட்டியலில் இடம்பெறாத அம்முன்னுரையிலேயே அம்மேதையின் உண்மையான உயரத்தை நாம் காண்கிறோம்.

அம்முன்னுரை ஒரு புலம்பலோடு தொடங்குகிறது. தம் காலத்தில் தம் நாட்டில் கைத்தேர்ச்சி மிக்க அறுவை மருத்துவர் எவருமில்லை என்கிறார். இக்கலை நெடியது, உடற்கூற்றை முறையாகக் கல்லாதவன் மனிதரைக் கொன்றே தீருவான் என்கிறார். உடனே தாம் கண்ட சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியை அறியாமை மிக்க ஒருவன் கீறினான். குருதிக் குழாய் அறுபட்டு, அவன் கண் முன்னரே அவள் குருதி வடிந்து மாண்டாள். முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையில் பெரிய கல் இருந்தது. ஸஹ்ராவியைத்தான் முதலில் அழைத்திருந்தார்கள். கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் கண்டு, எடுத்தால் இறப்பார் என அவர் ஒதுங்கி விட்டார். வேறொருவன் துணிந்து எடுத்தான். கல்லோடு பையின் ஒரு துண்டும் வந்தது. மூன்றாம் நாளளவில் அம்முதியவர் இறந்தார். படைத்தலைவர் ஒருவரிடம் ஊதியம் பெற்ற மருத்துவன், புண்ணோடு முறிந்த ஒரு காலைப் புண்ணுக்கு வழிவிடாமல் இறுக்கிக் கட்டி, பல நாள் அவிழ்க்கக் கூடாது என்று ஆணையிட்டான். ஸஹ்ராவி சென்று கட்டைத் தளர்த்தியபோது அழுகல் உள்ளே இறங்கி விட்டிருந்தது, அவ்வுயிரும் தப்பவில்லை. புற்றுக் கட்டியைக் கீறி அதைப் பெரும்புண்ணாக்கிய ஒருவனையும் குறிப்பிடுகிறார்.

இவற்றைச் சொல்லித் தம் மாணவர்களை 'என் மக்களே' என விளித்து, அறுவை இரு வகைப்படும், ஒன்றில் நலமுண்டு, மற்றதில் பெரும்பாலும் அழிவுண்டு, பிந்தியதை விட்டு விலகுங்கள் என்று எச்சரிக்கிறார். தொழிலின் தோல்விகளை நூலின் தலைவாயிலிலேயே நிறுத்தி வைக்கும் இத்துணிவு எக்காலத்திலும் அரிது.

அவர் தரும் இன்னொரு குறிப்பு இதனினும் நயமுடையது. மூச்சுக்குழலைத் திறந்து உயிர் காக்கும் அறுவையைப் பற்றிப் பண்டையோர் எழுதியிருந்தனர். ஆனால் தம் நாட்டில் எவரும் அதைச் செய்யத் தாம் கண்டதில்லை என்று ஒப்புக் கொள்கிறார். ஆயினும் அவர் ஒன்றைக் கண்டிருந்தார். அடிமைப் பெண் ஒருத்தி கத்தியைத் தன் தொண்டையில் பாய்ச்சிக் கொண்டாள். அழைக்கப்பட்டு ஸஹ்ராவி சென்றபோது, அறுக்கப்பட்ட பிராணியைப் போல் அவள் ஓலமிட்டுக் கொண்டிருந்தாள். குருதி அதிகம் வரவில்லை. பெரிய குழாய் எதுவும் அறுபடவில்லை. ஆனால் காயத்தின் வழியே காற்று வெளியேறிக் கொண்டிருந்தது. விரைந்து தையலிட்டார். காயம் ஆறிற்று. குரலில் சற்றே கரகரப்பு மட்டும் நின்றது. இதிலிருந்துதான் மூச்சுக்குழலைத் திறப்பதில் பேராபத்து இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். ஏட்டில் இருந்த ஒரு கூற்றைத் தாம் கண்ட ஒரு நிகழ்வால் உரைத்துப் பார்த்தார். தன் உயிரை மாய்க்க முனைந்த அப்பெண்ணின் துயரம் என்னவென்று நூல் சொல்லவில்லை. அவள் பிழைத்தாள் என்பதையும் எப்படிப் பிழைத்தாள் என்பதையும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் படிக்கிறோம்.

இத்தகைய குறிப்பெழுதும் வழக்கம் கீழ்த்திசையில் முன்னரே வேரூன்றியிருந்தது. 925-ஐ ஒட்டி மறைந்த அபூபக்கர் அர்-ராஸி தம் நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்தவை, அவருக்குப் பின் 'அல்-ஹாவீ'யில் தொகுக்கப்பட்டன. மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் தென்பட்ட நோயாளிகளில் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், ஒரு சாராரை வேண்டுமென்றே விட்டும் வைத்து, இரு சாராரின் முடிவையும் ஒப்பிட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

இனி, மூக்கிற்கு வருவோம். ஸஹ்ராவியைச் 'சீரமைப்பு அறுவையின் தந்தை' என்று எழுதுவோர் நம்மிடையே உளர். அவர் எழுதியதை நேர்மையாகப் பார்ப்போம். மூக்கு, உதடு, காது ஆகியவை வெட்டுண்டால் தைப்பதற்கென ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். இக்குருத்தெலும்புகள் பிளவுண்டால் சிலரிடத்தன்றி எளிதில் கூடா என்ற எச்சரிக்கையுடனேயே அது தொடங்குகிறது. காயம் புதிதாயின் இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். விளிம்புகள் தோல் மூடி ஆறியிருப்பின், குருதி கசியும்வரை சுரண்டிப் பின் தைக்க வேண்டும். அதன்மேல் 'இரு சகோதரர் இரத்தம்' என அரபியர் வழங்கும் செந்நிறப் பிசினையும் குந்திரிக்கத்தையும் பொடித்துத் தூவ வேண்டும் என்கிறார். கண்ணிமை உட்புறமும் வெளிப்புறமும் மடிந்து கொள்ளுதல், ஆண்களின் மார்பு பருத்து விடுதல் முதலியவற்றைச் சீர்செய்யும் அறுவைகளும் அவரிடம் உண்டு. பருத்த மார்பில் பிறைவடிவில் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறை, அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட கிரேக்க மருத்துவர் பவுலின் நூலிலும் காணப்படுவது. ஆனால் முற்றாக இழந்து போன மூக்கிற்கு உடலின் வேறிடத்துத் தோலை எடுத்துப் புது மூக்கு அமைக்கும் முறை அவரிடம் இல்லை. இல்லாத ஒன்றை அவருக்குச் சூட்டுவதால் அவருக்குப் பெருமை கூடாது; இருப்பதன் மதிப்புத்தான் குறையும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. அம்முறை அரபு மொழிக்கு எட்டாத ஒன்றன்று. இலையால் மூக்கின் அளவெடுத்து, அவ்வளவுக்குக் கன்னத்துத் தோலை அறுத்து ஒட்டுவதைச் சுசுருதரின் நூல் கூறுகிறது. அந்நூலை ஹாரூன் அர்-ரஷீதின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்-பர்மகீயின் ஆணைப்படி, மன்கா எனும் இந்திய மருத்துவர் அரபியில் விளக்கினார் என இப்னு நதீமின் 'ஃபிஹ்ரிஸ்த்' தெரிவிக்கிறது. ராஸியும் அந்நூலை எடுத்தாண்டிருக்கிறார். நூல் வந்தது, கைவினை வரவில்லை. தோலை எங்கே தடித்தும் எங்கே மெலிந்தும் உரிப்பது என்பதை ஏட்டில் படித்துக் கற்க இயலாது. ஆசான் ஒருவனின் விரல்களைப் பார்த்தே அது வர வேண்டும். அந்த ஆசான் பக்தாத் மருத்துவமனைக்கு வரவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

துருக்கியின் அமாஸ்யா நகர மருத்துவமனையில் பணியாற்றிய ஷரஃபுத்தீன் ஸாபூன்ஜு ஓக்லு, 1465-இல் தமது முதுமையில் துருக்கி மொழியில் எழுதிய அறுவை நூல் பெரிதும் ஸஹ்ராவியைத் தழுவியது. ஆயினும் கருவிகளை மட்டும் வரைந்த முன்னோரைப் போலன்றி, மருத்துவரும் நோயாளியும் எங்ஙனம் அமர வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும் என்பதை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். பெண் மருத்துவர்களும் அவ்வோவியங்களில் உள்ளனர். ஏட்டில் வராத கைவினையைப் படத்தில் கொண்டுவரும் முயற்சி இது.

அக்கைவினை இந்தியாவில் எழுத்தறியாக் குடும்பங்களில் தந்தை வழி மகனுக்கு இறங்கிக் கொண்டிருந்தது. இத்தாலியரான நிக்கோலாவ் மனுச்சி முகலாய நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து, பிற்காலத்தைச் சென்னையில் கழித்தவர். 1686-இல் ஒளரங்கசீப்பிடம் வீழ்ந்த பீஜப்பூரைப் பற்றிய அவருடைய குறிப்பொன்று நமக்குக் கசப்பானது. தீவனம் தேடச் சென்ற முகலாயப் படையினர் பிடிபட்டபோது பீஜப்பூரார் அவர்களின் மூக்கை அறுத்து அனுப்பினர். நெற்றித் தோலைப் புருவத்திற்கு மேல் அறுத்துக் கீழே இறக்கி, பச்சைத் தசையோடு பச்சைத் தசை பொருந்துமாறு ஒரு முறுக்கு முறுக்கி, அந்நாட்டு மருத்துவர்கள் அவர்களுக்குப் புது மூக்கு அமைத்தனர். அத்தகைய மூக்குடைய பலரைத் தாம் கண்டதாகவும், புருவங்களிடையே கீறலின் தழும்பு நின்றதாகவும், மூக்கே இல்லாதிருப்பதை விட அது எவ்வளவோ மேல் என்றும் மனுச்சி எழுதுகிறார். மருந்திட்ட கையும் அதே மண்ணினது. மூக்கை அறுத்த கையும் அதே மண்ணினது. இரு புறமும் கலிமாச் சொன்னவர்களின் அரசுகள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே முறை உலகின் கண்ணில் பட்டது. 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசீன்' ஒரு கடிதத்தைப் படத்துடன் வெளியிட்டது. காவஸ்ஜி என்பவர் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். பெயர் பார்ஸிப் பெயர் போல் ஒலித்தாலும் கடிதம் அவரை மராட்டியர் என்றே கூறுகிறது. 1792-ஆம் ஆண்டுப் போரில் அவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் மூக்கின்றித் திரிந்த பின், புனேயை அடுத்த ஊரில் குயவர் குலத்தைச் சார்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்துத் தந்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கிலேய மருத்துவர் இருவர் இவ்வறுவையை நேரிற் கண்டவர்கள்.

செய்முறையை அக்கடிதம் தெளிவாக வருணிக்கிறது. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்குத் தண்டின்மீது பொருத்தி மூக்கின் வடிவம் எடுப்பர். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடிடுவர். அக்கோட்டின் வழியே தோலை உரிப்பர். இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காமல் விடுவர். புது மூக்கு வேர்கொள்ளும்வரை அத்துண்டின் வழியே குருதியோட்டம் நிகழும். மூக்குத் தண்டின் பழைய தழும்பைச் சீவி, அதையொட்டி ஒரு கீறலிட்டு, இறக்கிய தோலின் விளிம்பை அதில் செருகுவர். வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்து, துணிக்கீற்றுகளில் தடவி ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவர். நான்கு நாள் வேறு மருந்து கிடையாது. பிறகு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாட்கள் நோயாளி மல்லாந்து கிடக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் அடைபடாதிருக்கத் துணியைத் திணிப்பர். இருபத்தைந்தாம் நாளளவில் இணைப்புத் துண்டை அறுத்துச் சீர்படுத்துவர். தழும்பைச் சீவுதல் என்பது, விளிம்பைக் குருதி கசியச் சுரண்டுக என்று ஸஹ்ராவி சொன்னதே தான். எஞ்சியது யாவும் குயவருடையது.

திப்பு சுல்தானின் பெயர் இங்கு வருவது வாசகர்களில் பலருக்கு உறுத்தும் என்பதை அறிவோம். அக்காலத்து ஆங்கிலேய ஏடுகள் அவரைக் கொடுங்கோலராகக் காட்டுவதில் முனைப்பாக இருந்தன. காவஸ்ஜியின் படமும் அந்நோக்கத்திற்கு உதவியிருக்கும். ஆங்கிலேயரை எதிர்த்துக் களத்தில் உயிரீந்த அம்மன்னர் மீது நாம் கொண்ட மதிப்பும் குறையவில்லை. ஆயினும் அம்மனிதரின் மூக்கு வெட்டப்பட்டது. அங்கங்களைச் சிதைக்கும் 'முஸ்லா'வை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரியில் பதிவான செய்தி. அத்தடை எதிரியின் படைக்கு வண்டி ஓட்டியவனையும் காக்க வேண்டியதே. தம் தொழிலின் சாவுகளை முன்னுரையிலேயே எழுதிய ஸஹ்ராவியைப் போற்றும் நாம், நம் மன்னர்களின் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி மூடி விடுதல் முறையாகாது.

கடிதம் நோயாளியின் பெயரைச் சொல்கிறது. மருத்துவர் இருவரின் பெயரைச் சொல்கிறது. படம் வரைந்த ஜேம்ஸ் வேல்ஸின் பெயரும் நிற்கிறது. கத்தியைப் பிடித்த குயவரின் பெயர் எங்கும் இல்லை.

இலண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இம்முறையைச் செய்து பார்க்க இருபது ஆண்டுகள் காத்திருந்தார். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களைத் தேடி விசாரித்தார். இறந்தோர் உடல்களில் பழகினார். 1814 அக்டோபர் 23 அன்று, கல்லீரல் நோய்க்கு உண்ட பாதரச மருந்தால் மூக்கிழந்த இராணுவ அதிகாரி ஒருவருக்குச் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பின்னர், 1811-இல் ஸ்பெயினின் அல்புயேராப் போரில் வாள்வெட்டுப் பட்ட மற்றோர் அதிகாரிக்கும் செய்தார். 1816-இல் இவ்விரு நோயாளிகளைப் பற்றி மட்டுமே ஒரு நூல் வெளியிட்டார். இரண்டே இரண்டு பேர். ஆனால் ஒவ்வொரு நாளும் தோலின் நிறம், வீக்கம், சூடு யாவும் அதில் பதிவாயின. 1818-இல் ஜெர்மனியின் கிரேஃபே எழுதிய நூலின் வழி இவ்வகை அறுவைக்கு அறிவியற் பெயரும் அமைந்தது.

கார்ப்யூவின் முதல் நோயாளிக்கு மூன்றாம் நாள் கட்டு அவிழ்க்கப்பட்டது. உடனிருந்த நண்பர் ஒருவர், ஆண்டவனின் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு மூக்கு இருக்கிறதே என்று வாய்விட்டுக் கூவினாராம்.